பெஞ்ச் பவர் சப்ளை தவறான அளவைக் காட்டினால்: ட்ரிம்மரைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

பெஞ்ச் பவர் சப்ளையின் (வேலைமேசையில் வைத்து, வேண்டிய மின்னழுத்தத்தைப் பெறும் கருவியின்) முகப்பில் 12.0 என்று ஒளிரும்போது மல்டிமீட்டர் 12.4 என்று காட்டினால், பலரின் கை உடனே மூடியைக் கழற்றி உள்ளிருக்கும் ட்ரிம்மரை (அளவைச் சரிசெய்யும் சிறு திருகு மின்தடையை) திருப்பவே போகிறது. அப்படித் திருப்பினால் 12 வோல்ட்டில் இரண்டு எண்களும் ஒத்துப்போகும். ஆனால் 5 வோல்ட்டிலும் 25 வோல்ட்டிலும் அவை விலகக்கூடும் என்பதோடு, பழுது எங்கே என்று காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய தடயமும் அழிந்துவிடும். ஆகவே ட்ரிம்மர் கடைசி வேலை. கீழே சொல்லப்படுவது 30 வோல்ட், 3 அல்லது 5 ஆம்பியர் தரும் சாதாரண லீனியர் வகை சப்ளைகளுக்குப் பொருந்தும்.

முதலில் மல்டிமீட்டரையே சந்தேகிக்க வேண்டும். பேட்டரி தளர்ந்த மல்டிமீட்டர், உள்ளதைவிடக் கூடுதலான அளவைக் காட்டுவது வழக்கம். எனவே புதிய பேட்டரி போட்டு, முடிந்தால் இன்னொரு மீட்டரிலும் அளந்து பார்க்கவும். அடுத்து, சப்ளையின் கையேட்டில் துல்லியம் எவ்வளவு என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்கவும். 1 சதவீதமும் கடைசி இலக்கத்தில் 2 எண்களும் என்று இருந்தால், 12.0 வோல்ட்டில் 0.12-உம் 0.2-உம் சேர்ந்து 0.32 வோல்ட் வரை விலகல் அனுமதிக்கப்பட்டதே, 12.3 என்று வந்தால் அது பழுது அல்ல, 12.4 என்றால் தேடத் தொடங்கலாம்.

எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். மெல்லிய வயரும் முதலைக் கிளிப்பும் சேர்ந்து 0.1 ஓம் இருந்தால், 3 ஆம்பியர் ஓடும்போது 0.3 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். இதனால் சுமையின் முனையில் 11.7 வோல்ட் கிடைத்தாலும் சப்ளை சொன்ன 12.0 உண்மையே. எனவே மல்டிமீட்டரின் புரோப்களை சப்ளையின் டெர்மினல்களிலேயே வைத்து அளக்க வேண்டும். மின்னோட்டம் வைத்த வரம்பை எட்டிவிட்டதைக் குறிக்கும் சிசி (மாறா மின்னோட்டம்) விளக்கு எரிந்துகொண்டிருந்தால், மின்னழுத்தம் தானாகவே இறங்கியிருக்கும். இதைப் பழுதென்று எண்ணி மூடியைத் திறந்தவர்கள் குறைவல்லர். சென்ஸ் முனைகள் (வெளியீட்டு மின்னழுத்தத்தை உணரும் தனி முனைகள்) உள்ள சப்ளையாக இருந்தால், அவற்றை வெளியீட்டோடு இணைக்கும் உலோகப் பட்டைகள் இறுக்கமாக உள்ளனவா என்றும் பார்க்கவும். அவை தளர்ந்தால் சப்ளை தன் வெளியீட்டைச் சரியாக உணர முடியாமல், முகப்பில் காட்டுவதைவிட அதிக மின்னழுத்தத்தை வெளியே தள்ளக்கூடும்.

இவை எல்லாம் சரி என்றால், சுமை இல்லாமல் 0, 5, 10, 20, 30 வோல்ட்டுகளில் முகப்பின் எண்ணையும் மல்டிமீட்டரின் எண்ணையும் தாளில் பக்கத்துப் பக்கமாக எழுதவும். பிறகு 2 ஆம்பியர் சுமையோடு அதையே மீண்டும் செய்யவும். இந்த ஒரு தாள்தான் பாதி வேலையை முடித்துத்தரும். எல்லா இடத்திலும் ஒரே 0.2 வோல்ட் விலகினால் அது பூஜ்யத்தின் பிழை. 10-க்கு 0.3, 20-க்கு 0.6 என்று விகிதமாக வளர்ந்தால் குறிப்பு மின்னழுத்தத்திலோ (அளவை ஒப்பிட உதவும் நிலையான மின்னழுத்தம்) பகுப்பு மின்தடைகளிலோ (மின்னழுத்தத்தை அளக்கத்தக்க அளவுக்குக் குறைப்பவை) கோளாறு. சுமை ஏறும்போது மட்டும் விலகினால் ஷன்ட்டையும் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடை) தரை இணைப்பையும் பார்க்க வேண்டும். சூடு ஏற ஏற எண் நகர்ந்தால் டிரை சால்டர் (சரியாக ஒட்டாத சால்டர் இணைப்பு) அல்லது தேய்ந்த ட்ரிம்மர் என்று ஊகிக்கலாம்.

மூடியைத் திறக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடவும். ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. 45 வோல்ட்டில் நிற்கும் 10,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் சுமார் 10 ஜூல் ஆற்றல் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் அதன் முனைகளைக் குறுக்கிணைக்காமல், 1 கிலோ ஓம், 5 வாட் மின்தடையை ஒரு நிமிடம் இணைத்து வடித்து, மல்டிமீட்டரால் உறுதிசெய்துகொள்ளவும். இனி வரும் அளவீடுகளில் சிலவற்றுக்கு மீண்டும் மின்சாரம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், 230 வோல்ட் வரும் பகுதியை அட்டையால் மறைத்துவிட்டு, ஒரு கையால் மட்டும் வேலை செய்யவும்.

பழைய சப்ளைகளின் முகப்பில், அளவை எண்ணாக்கிக் காட்டும் ஐசிஎல் 7107 என்ற ஐசி பரவலாகக் காணப்படும். அதன் 30, 31 ஆகிய உள்ளீட்டுக் கால்களைக் குறுக்கிணைத்தால் 000 வரவேண்டும். வந்தால் பூஜ்யப் பிழை ஐசிக்கு வெளியே இருக்கிறது. 200 மில்லிவோல்ட் அளவில் இயங்கும் சுற்றில் 35, 36 கால்களுக்கு இடையே 100.0 மில்லிவோல்ட் இருக்க வேண்டும். உள்ளீட்டைக் குறிப்பு மின்னழுத்தத்தால் வகுத்துத்தான் இந்த ஐசி எண்ணுகிறது. ஆகவே குறிப்பு 3 சதவீதம் குறைந்தால் முகப்பின் எண் ஏறத்தாழ 3 சதவீதம் கூடும். எண்கள் பொருளற்றுத் தாவினால், 26-ஆம் காலில் எதிர் 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்கவும்.

குறிப்பு சரியாக இருந்தால் பகுப்பு மின்தடைகளுக்கு வரலாம். மேலே உள்ள பெரிய மதிப்புள்ள மின்தடை வயதாகி மதிப்புக் கூடினால் முகப்பு குறைவாகக் காட்டும். ஒரு காலைக் கழற்றிய பிறகே அதை அளக்க வேண்டும். மேலுள்ள மின்தடை 1 மெகா ஓம் என்று வைத்துக்கொண்டால், பழைய ஃப்ளக்ஸும் (சால்டர் செய்யப் பயன்படும் பசை) ஈரமும் சேர்ந்த அழுக்கு அதற்குக் குறுக்கே 10 மெகா ஓம் கசிவை உண்டாக்கினாலே அளவு 10 சதவீதம் வரை உயர்ந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் தவறாகக் காட்டும் சப்ளையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவி, நன்கு காயவிட்டுப் பார்ப்பது நல்லது.

மின்னோட்ட அளவில் எனக்கு அதிகம் அகப்பட்டது ஷன்ட்டின் சால்டர்தான். 0.1 ஓம் ஷன்ட்டின் காலில் 0.02 ஓம் அளவுக்கு டிரை சால்டர் உண்டாகி, அளவெடுக்கும் வயர் அதற்கு வெளிப்புறத்தில் இருந்தால், 2.00 ஆம்பியர் 2.40 என்று தெரியும். மீண்டும் சால்டர் செய்யும்போது, அளவெடுக்கும் வயர்களை ஷன்ட்டின் உடலை ஒட்டியே இணைக்கவும். சுமையே இல்லாமல் 0.04 என்று காட்டிய ஒரு சப்ளையில், புதிதாகப் போட்ட டிஜிட்டல் மீட்டரின் தரை வயர் ஷன்ட்டின் தவறான பக்கத்தில் இணைக்கப்பட்டிருந்தது; மீட்டர் தான் குடிக்கும் மின்னோட்டத்தையே கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தது. வயரை மறுபக்கம் மாற்றியதும் 0.00 வந்தது.

பழுது நீங்கிய பிறகே ட்ரிம்மர். சப்ளையை அரை மணி நேரம் ஓடவிட்டு, முதலில் பூஜ்யத்தையும், பிறகு 27 வோல்ட் அளவில் உயர்முனையையும் சரிசெய்யவும். ஒன்று மற்றொன்றைச் சற்று நகர்த்தும் என்பதால் இரண்டு மூன்று முறை மாறி மாறிச் செய்ய வேண்டியிருக்கும். மின்னோட்டத்துக்கு, சிசி வரம்பைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் முனைகளை வெளியீட்டில் நேரடியாக இணைத்து, மெல்ல 2 ஆம்பியருக்கு உயர்த்தி ஒப்பிடலாம். முடிந்ததும் ட்ரிம்மரின் தலையில் ஒரு துளி நகப்பூச்சு வைத்து, தேதியையும் புதிய அளவுகளையும் எழுதிய தாளை மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடவும்.