எந்த ஸ்டேடியத்தில் சத்தம் அதிகம்? முறையாக அளந்து ஒப்பிடும் வழி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம்) ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்த வழக்கு வந்துவிடும். சியாட்டலின் ஹஸ்கி ஸ்டேடியத்துக்காரர்கள் 1992 செப்டம்பரில் நெப்ராஸ்காவுக்கு எதிரான ஆட்டத்தில் அளந்ததாகச் சொல்லப்படும் 133.6 டெசிபலை எடுத்துப் போடுவார்கள். ஓரிகன் பல்கலைக்கழகத்து ஆட்சன் ஸ்டேடியம் 2007இல் 127.2 என்று பதில் வரும். லூசியானா டைகர் ஸ்டேடியத்துக்காரர்கள் டெசிபல் பக்கமே போக மாட்டார்கள். 1988 அக்டோபர் 8ஆம் தேதி ஆபர்ன் அணிக்கு எதிராக அடித்த கடைசி நேர டச்டவுனுக்கு (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) எழுந்த ஆரவாரம் வளாகத்து நிலநடுக்கமானியிலேயே பதிவானது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள்.

மூன்றும் பெருமைக்குரியவைதான். ஆனால் மைக் எங்கே இருந்தது, கருவி காட்டியது நொடிநேர உச்சமா சராசரியா என்று தெரியாமல் இந்த எண்களைத் தராசில் வைக்க முடியாது. ஒரே கருவி, ஒரே மாதிரி இருக்கை, ஆட்டத்தின் ஒரே கட்டம் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் ஒப்பீடு நிற்கும்.

கருவியிலிருந்து தொடங்குவோம். இரண்டாம் வகுப்புத் தரமுள்ள சவுண்ட் லெவல் மீட்டர் போதும். அதோடு 94, 114 டெசிபல் தரும் கேலிபிரேட்டர் (மீட்டரைச் சரிபார்க்கத் தெரிந்த அளவில் ஒலி எழுப்பும் கருவி) ஒன்று கட்டாயம் வேண்டும். ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் 114இல் வைத்துச் சரிபாருங்கள். இரண்டுக்கும் அரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைய அளவுகளை விட்டுவிடுங்கள். செல்போன் ஆப்பை நம்பி இறங்க வேண்டாம். போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. கூட்டம் இன்னும் உச்சத்துக்குப் போகும்போது எண் மட்டும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், மைக் தாங்காமல் அலையின் தலையை வெட்டுகிறது என்று அர்த்தம். மீட்டரில் ரேஞ்ச் தேர்வு இருந்தால் 80–130ஐக் கையால் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் ரேஞ்ச் மாறும் நேரத்தில் அளவு விட்டுப்போகலாம். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை போடாவிட்டால் காற்றும் சத்தமாகப் பதிவாகும்.

அமைப்பில் ‘ஏ’ வெயிட்டிங் (காது கேட்கும் விதத்துக்கேற்ப ஒலியை எடைபோடுவது), ‘ஃபாஸ்ட்’ (சத்தத்தின் மாற்றத்தை வேகமாகப் பின்தொடர்வது) இரண்டையும் தேர்ந்தெடுத்து, சராசரி அளவான ‘எல்இக்யூ’வைப் பதிவு செய்யுங்கள். நொடிநேர உச்சமான ‘பீக்’ வேண்டாம். பக்கத்தில் ஒருவர் கைதட்டினாலே அது எகிறிவிடும். ‘ஏ’ மனிதக் குரலுக்குப் பொருத்தமானது, களத்தில் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் கட்டளையை அமுக்குவதும் அந்தக் குரல்தான். ஒரு குறை உண்டு: தகர இருக்கை வரிசைகளில் ஆயிரக்கணக்கானோர் காலால் மிதிக்கும் தாழ்ந்த அதிர்வை ‘ஏ’ பெரும்பாலும் கழித்துவிடும். 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் போய்விடுகிறது. தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ அளவையும் கூடவே குறித்தால் அந்த மிதி எவ்வளவு என்று தெரியும்.

இடம்தான் பலரும் சறுக்கும் இடம். மைதானத்தின் நடுக்கோடான 50 கஜக் கோட்டுக்கு நேராக, கீழ்த்தட்டில், 20ஆவது வரிசையை ஒட்டி டிக்கெட் எடுங்கள். பேண்ட் வாத்தியக் குழுவும் ஒலிபெருக்கிகளும் தள்ளி இருக்க வேண்டும். மீட்டரைக் கையை நீட்டித் தலைக்கு மேல் பிடியுங்கள். ஒரு கணக்கைப் பாருங்கள்: ஒரு மீட்டரில் 90 டெசிபல் வரும் கத்தல், மைக்கிலிருந்து 10 சென்டிமீட்டரில் 110 ஆகும். மார்பருகே மீட்டரைப் பிடித்திருந்தால், ஸ்டேடியத்துக்குப் பதில் பக்கத்து இருக்கைக்காரரின் தொண்டையை அளந்துகொண்டிருப்பீர்கள். ஸ்டேடியத்துக்குள் கருவி, பை, ஸ்டாண்ட் எதற்கெல்லாம் அனுமதி என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

எப்போது அளப்பது? எதிரணியின் தேர்ட் டவுனில் (பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் மூன்றாவது). சொந்த அணியிடம் பந்து இருக்கும்போது ரசிகர்கள் வேண்டுமென்றே அடங்கிவிடுவார்கள், அந்த அளவு எதற்கும் உதவாது. 2024 முதல் மேல்மட்டக் கல்லூரி ஆட்டங்களில் பயிற்சியாளர் ஹெல்மெட் ரேடியோவில் பேசலாம். அடுத்த முயற்சியைத் தொடங்க மிச்சமுள்ள நேரத்தைக் காட்டும் ப்ளே கிளாக்கில் 15 நொடி மிச்சமிருக்கையில் அந்த இணைப்பு துண்டிக்கப்படும். அதன்பின் எதிரணி குரலையும் கைச்சைகையையும்தான் நம்ப வேண்டும். கூட்டத்தின் சத்தம் நிஜமாகவே ஆட்டத்தைக் கடிப்பது அங்கேதான். எனவே கிளாக் 15ஐத் தொட்டதும் பதிவைத் தொடங்கி ஸ்னாப்பில் (பந்து ஆட்டத்துக்கு வரும் கணம்) நிறுத்துங்கள். அதற்குள் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடினால் அந்தப் பதிவைத் தனியாகக் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குவார்ட்டர், ஸ்கோர், எத்தனை கஜம் தேவை, ஸ்னாப்புக்கு முன்பே எதிரணி வீரர் அசைந்து ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆனதா என்று எழுதுங்கள். ஐந்து கஜ அபராதம் வாங்கிக் கொடுத்த சத்தத்துக்கு எந்த எண்ணையும்விட மதிப்பு அதிகம்.

மிசிசிப்பி ஸ்டேட் மைதானத்தில் மாட்டு மணிகள் ஒலிக்கும். அதைக் கூட்டத்தின் சத்தமாகச் சேர்ப்பதா என்பதை அளப்பதற்கு முன்பே எல்லாரும் பேசி முடித்துக்கொள்வது நல்லது.

காதை மறக்காதீர்கள். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அது பாதியாகும். ஆட்டமோ மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஃபோம் அடைப்பானை மெல்லிய திரியாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து நுழைத்து, அது உப்பும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். சும்மா செருகினால் பாதிப் பலன்கூட இல்லை. குழந்தைகளுக்குக் காதுக்கவசம் மாட்டுங்கள்.

இனி ஒப்பீடு. டெசிபலைச் சாதாரண எண்போல் கூட்டி வகுக்கக் கூடாது. 100க்கும் 110க்கும் சராசரி 105 ஆகாது, 107.4. இந்தத் தொல்லைக்குப் பதில், அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள். அடுத்து தலைக்கணக்கு. டைகர் ஸ்டேடியம் 102,321 பேர், ஆட்சன் 54,000. கிட்டத்தட்ட இரட்டிப்புக் கூட்டம், ஆனால் அதனால் மட்டும் கிடைப்பது 2.8 டெசிபல்தான். மிச்ச வித்தியாசத்தைக் கட்டடத்திலும் ரசிகர்களிடமும் தேட வேண்டும். ஹஸ்கியின் இருபுறக் கூரைகள் சத்தத்தைக் கீழே திருப்பி அனுப்புகின்றன. ஆட்சனில் மைதானம் தரைமட்டத்துக்குக் கீழே, இருக்கைகள் கோட்டை ஒட்டி. 107,601 பேர் அமரும் மிச்சிகன் ஸ்டேடியமோ அகன்ற, சரிவு குறைந்த கிண்ணம். குரலில் பெரும்பங்கு வானத்துக்குப் போய்விடும்.

இரண்டு ஸ்டேடியங்களுக்கு இடையே ஒன்றரை டெசிபலுக்குள் வித்தியாசம் என்றால் சமம் என்று எழுதுங்கள். மீட்டரின் பிழையே அந்த அளவுக்கு இருக்கும். ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். பரம எதிரியுடன் இரவு ஆட்டமும் பலவீனமான அணியுடன் நண்பகல் ஆட்டமும் ஒன்றல்ல. ஒவ்வொரு ஸ்டேடியத்திலும் மூன்று ஆட்டங்களாவது அளந்து, எதிரணி, ஆட்ட நேரம், இருக்கை எண், கேலிபிரேஷன் அளவு எல்லாவற்றையும் முடிவோடு சேர்த்தே வெளியிடுங்கள்.