அப்பாவுக்காக முடிவெடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

அப்பாவுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே பல வீடுகளில் ஒரு மாற்றம் வந்துவிடுகிறது. அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, அவர் அங்கே இல்லாத மாதிரி அவரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். நங்கநல்லூர் வீட்டை விற்பதா, யார் கூட்டிக்கொண்டு போவது, ஆபரேஷன் வேண்டுமா என்று எல்லாமே வாட்ஸ்அப் குழுவில் முடிவாகிறது. “அவர்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது?” என்பார் வெளிநாட்டிலிருக்கும் மகன். பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் முதல் தவறு அதுதான்.

முடிவெடுக்கும் திறன் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. பேங்க் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாத ஒருவரால், யார் வீட்டில் இருக்கப் பிடிக்கிறது, கண் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும். அதனால் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். மனநலச் சிகிச்சை பற்றிய முடிவுகளுக்கு 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதைத்தான் பேசுகிறது: சொல்வது புரிகிறதா, விளைவு என்ன என்று தெரிகிறதா, தன் முடிவைப் பேச்சிலோ சைகையிலோ தெரிவிக்க முடிகிறதா. ஒருவருடைய முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதற்காக மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர். நாம் சொன்னதற்குச் சரி என்றால் அப்பா தெளிவாக இருக்கிறார், மறுத்தால் குழம்பிவிட்டார்!

கேட்கும் விதத்திலும் கோட்டை விடுகிறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு டிவி ஓட, காது மெஷின் மேஜை டிராயரில் கிடக்க, மூன்று பேர் சுற்றி நின்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. மறதி நோய் உள்ள பலருக்குப் பொழுது சாயச் சாயக் குழப்பம் கூடும். காலையில் காபி குடித்த பிறகு, மெஷினை மாட்டிவிட்டு, ஒருவர் மட்டும் எதிரே உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். தலையாட்டியதும் எழுந்துவிடாதீர்கள். “நான் என்ன சொன்னேன்னு நீங்க சொல்லுங்கப்பா” என்று அவர் வார்த்தையிலேயே சொல்லச் சொல்லுங்கள். அடுத்த நாளும் கேளுங்கள்.

இன்னொன்று, நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால் அதை டிமென்ஷியா கணக்கில் எழுதிவிடக் கூடாது. சோடியம் இறங்கியிருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம், புதிதாக ஆரம்பித்த மாத்திரை காரணமாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் வைத்தியம் உண்டு. ஆஸ்பத்திரிப் படுக்கையில் உளறிக்கொண்டிருக்கும் வாரத்தில் வீடு, சொத்துப் பேச்சு எதற்கு?

சென்னையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு பவர் பத்திரம். அப்பா நன்றாக இருந்தபோது எழுதிக்கொடுத்த பவர் கையில் இருக்கிறது, அதை வைத்து எல்லாம் செய்யலாம் என்று நினைக்கிறார்கள். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால், பவர் வாங்கிய முகவருடைய அதிகாரமும் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் செல்லும் பவர் சில வெளிநாடுகளில் உண்டு, இங்கே இல்லை. பவரை வைத்து விற்கப் போகும்போது சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் உயிர்வாழ் சான்று கேட்பார்கள். அந்தச் சான்று, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று மட்டும்தான் சொல்கிறது. புரியாத நிலையில் இருப்பவரின் விரலைப் பிடித்து மையில் அழுத்திக் கைநாட்டு வாங்குவது இதைவிட மோசம். பணம் அவர் வைத்தியத்துக்குத்தான் என்றாலும், நாளைக்குக் கூடப்பிறந்தவர்களே கோர்ட்டுக்குப் போகலாம்.

அப்படியானால் வழி? கோமாவில் இருப்பவருக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்கலாம். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, கணவர் பெயரிலிருந்த சொத்தை விற்க அனுமதித்தது. விற்ற பணத்தில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் டெபாசிட் போடவும் சொன்னது. எனக்கு அந்த நிபந்தனைதான் முக்கியமாகப் படுகிறது: முடிவெடுப்பது மனைவி, பணம் கணவருடையது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒன்று. மகனுக்கு 18 வயது முடிந்ததும் நீங்கள் தானாகவே அவனுடைய சட்டப்பூர்வப் பாதுகாவலராகத் தொடர முடியாது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் அவன் சொத்துப் பட்டியலையும், பிறகு வருடா வருடம் கணக்கையும் கொடுக்க வேண்டும். பெற்ற தாயிடமே கணக்குக் கேட்பதா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கேட்கத்தான் வேண்டும்.

“அவர் நல்லதுக்குத்தான்” என்பதில் யாருடைய நல்லது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2009-இல் சண்டிகர் வழக்கொன்றில், அரசு விடுதியில் இருந்த லேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணுக்குக் கருக்கலைப்பு செய்ய உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவள் பலாத்காரத்துக்கு ஆளானவள், ஆனால் குழந்தை வேண்டும் என்றாள். அவள் சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. நம் வீட்டில் இது சின்ன அளவில் தினமும் நடக்கிறது. மாத்திரை வேண்டாம் என்கிற பாட்டிக்கு அதைப் பொடித்துத் தயிர் சாதத்தில் பிசைந்து கொடுக்கிறோம். கசப்பு தெரிந்துவிட்டால் அப்புறம் சாப்பாட்டையே தொட மாட்டார். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. முதலில் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். தொண்டையில் சிக்குகிறது என்பார், டாக்டர் சிரப்பாக மாற்றித் தருவார். வேறு வழியே இல்லாவிட்டாலும், ரகசியமாகக் கொடுப்பதை டாக்டரோடு பேசி, குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்துதான் செய்ய வேண்டும்.

வென்டிலேட்டர் பேச்சை ஐசியூ வாசல்வரை தள்ளிப்போடுவதும் வழக்கமாகிவிட்டது. இனிக் குணமாக வழியில்லை என்ற கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததை 2023-இல் எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும். அப்பா தெளிவாக இருக்கும்போதே பேசி எழுத வையுங்கள். ஒரு நகலைக் குடும்ப டாக்டரிடமும், இன்னொன்றை, தனக்காக முடிவெடுக்க அதில் அவர் பெயர் குறித்தவரிடமும் கொடுத்துவிடுங்கள்.