சூடானால் ஏறும் ஐடில்

வண்டி எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவரில் பிரீதர் ஃபில்டர் (எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேற ஒரு சின்ன வடிகட்டி) மாட்டிய மறுநாளே தொல்லை தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக ஓடும். காட்பாடி மேம்பாலம் தாண்டி கிரீன் சர்க்கிள் சிக்னலில் நிற்கும்போது ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், தானாக நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு ஏறிவிடும். பழைய வண்டி, அதனால் முதல் பழி பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் மேல்தான். கழற்றிக் கழுவினேன். பிளக் நான்கையும் மாற்றினேன். மெக்கானிக் ஐடில் ஸ்குரூவை இறக்கி வைத்தார். மறுநாள் காலை வண்டி அணைந்து அணைந்து போனது. நாலு நாள் வீண்.

அப்புறம்தான் ஃபில்டருக்காக நான் கழற்றிய ஹோஸ் ஞாபகம் வந்தது. அது போய்ச் சேர்ந்த இன்டேக் மேனிஃபோல்டு (அந்தக் கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் பாகம்) குழாய்க்கு ஒரு ரப்பர் மூடி போட்டிருந்தேன். மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி. அடிப்பக்கம் விரலால் தடவினால் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல்! சூட்டில் ரப்பர் இளகி வாய் பிளக்கும், கூடுதல் காற்று உள்ளே போகும், ஐடில் ஏறும். வேலூர் வெயிலில் சொல்லவே வேண்டாம். எஞ்சின் ஓடும்போதே அந்த மூடியைத் துணியால் அழுத்திப் பிடித்தேன். ஐடில் சட்டென்று இறங்கியது.

மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு எஞ்சின் ஆவியை மேனிஃபோல்டுக்குத் திருப்பி அனுப்பும் பிசிவி வால்வையும் பழைய ஹோஸையும் திரும்ப மாட்டினேன். பிரீதர் ஃபில்டர் இப்போது ஏர் கிளீனர் பக்கத்துக் குழாயில் மட்டும். ஐடில் 850-ல் நிற்கிறது. அப்பாடா.