தையல் வலிக்கிறது என்று ஹெல்மெட்டை ஒரு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள்

கடந்த இரண்டு மாதத்தில் எங்கள் காலைக் கூட்டத்தில் மூன்று பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள். மூவருமே அடிபட்டுச் சில மாதம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி சைக்கிள் எடுத்தவர்கள். காரைக்குடியில் விடிவதற்கு முன் கிளம்பி, குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போய், வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புகிற கூட்டம் இது. மூவர் தலையிலும் புது ஹெல்மெட் இருந்தது. மூன்றும் தப்பான ஹெல்மெட். அதில் இரண்டு பேர் செய்திருந்தது 2019-இல் நான் செய்த அதே தவறு. அன்று எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது, ஸ்ட்ராப்பை மாட்டாமல் தொங்கவிடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை ரோட்டில் விழுந்து எழுந்தவருக்கு அது தெரியும். அடிபட்டுத் திரும்புபவர்கள் செய்யும் தவறுகள் வேறு. வலி, பயம், அவசரம் மூன்றும் சேர்ந்து செய்ய வைப்பவை.

டாக்டர் சொல்வதற்கு முன்பே வாங்கிவிடுவது

தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ வந்திருந்தால், தலைசுற்றலும் தலைவலியும் முழுக்கப் போய் டாக்டர் சரி என்று சொல்லும்வரை சைக்கிளைத் தொடாதீர்கள். மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் அது முதல் அடியைவிட மோசமாகலாம். எந்த ஹெல்மெட்டும் அந்த நாட்களைக் குறைத்துத் தராது.

ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2019-இல் குன்றக்குடிக்குச் சற்று முன்னால், ரோட்டோரம் படிந்திருந்த செம்மண் சரளையில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். காறை எலும்பு முறிந்தது. பின்மண்டையில் ஏழு தையல். நாலு மாதம் கழித்துப் புது ஹெல்மெட் வாங்கப் போனேன். என் சைஸ் மீடியம். போட்டவுடன் தையல் தழும்பின்மேல் அழுத்தியது. சுரீர் என்று வலித்தது. கடைக்காரர் லார்ஜ் எடுத்துக் கொடுத்தார். "பெருசா இருந்தா காத்து நல்லாப் போகும் சார், வலிக்காது" என்றார். வலிக்கவில்லை. பின்பக்க டயலை முழுக்கத் திருகினால் நின்றது. அதையே வாங்கினேன்.

ஆறு வாரம் கழித்துக் கானாடுகாத்தான் பக்கம் ஒரு நாய் குறுக்கே வந்தது. வேகம் அதிகமில்லை. முன்பக்கமாகச் சரிந்தேன். ஹெல்மெட்டின் முன்விளிம்பு தரையில் பட்டதும் அது அப்படியே பின்னால் உருண்டு போய்விட்டது. நெற்றிதான் ரோட்டில் தேய்ந்தது. புருவத்துக்கு மேல் இன்று வரை தழும்பு இருக்கிறது. ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள், தேவைப்பட்ட அந்த ஒரு நொடியில் தலையில் இல்லை. அதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.

ஏன் இப்படி ஆகிறது? ஹெல்மெட்டுக்குள் இருப்பது தெர்மாகோல், பள்ளிக்கூட புராஜெக்டில் பார்ப்பதைவிட நெருக்கமாக அடைத்தது. தலை தரையில் மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்குகிற அந்தக் கண நேரத்தில் தலையின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. தலைக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் தலை முதலில் அந்த இடைவெளியைக் கடந்து வந்து மோதும். சாய்வாக விழுந்தால் ஹெல்மெட் தலையைவிட்டு நகர்ந்தே போய்விடும். சான்றிதழ் தருவதற்கு முன் ஹெல்மெட் தலையிலிருந்து உருண்டு கழல்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனை அதற்கு ஏற்ற அளவுள்ள பொம்மைத் தலையில் நடப்பது. லார்ஜ் ஹெல்மெட்டை மீடியம் தலையில் மாட்டினால் அந்தச் சான்றிதழுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லை.

டயலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயல் திருகினால் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டில்தான் இறுகும். தெர்மாகோல் உங்கள் தலையை நோக்கி வராது. டயலைக் கடைசிவரை திருகினால்தான் நிற்கிறது என்றால் அது உங்கள் ஹெல்மெட் இல்லை.

போன மாதம் வந்த தம்பிக்கும் இதே கதைதான். பின்னந்தலையில் தையல். "அண்ணே, தழும்புல அழுத்துது, அதான் பெருசா எடுத்தேன். உள்ள துண்டை மடிச்சு வச்சுக்கிட்டா டைட்டாத்தான் இருக்கு" என்றார். நம் பக்கம் வேர்வைக்காகத் துண்டு வைத்துக்கொள்வது எல்லோருக்கும் பழக்கம். ஆனால் மடித்த துண்டு வேர்வையில் நனைந்ததும் வழுக்கும், நகரும், ஒரு பக்கமாகச் சுருண்டு நிற்கும். வேர்வைக்கு மெல்லிய பனியன் துணிக் குல்லா போதும், அதையும் போட்டுக்கொண்டுதான் ஹெல்மெட் அளவு பார்க்க வேண்டும். தம்பியை அங்கேயே ரோட்டோரம் நிறுத்தி, ஸ்ட்ராப்பைக் கட்டியபடியே முன்விளிம்பை உள்ளங்கையால் மேலே தள்ளச் சொன்னேன். ஹெல்மெட் உச்சந்தலைக்குப் போய்விட்டது. முகம் மாறிவிட்டது அவருக்கு.

சரி, தழும்பு வலிக்கிறதே, என்ன செய்வது? வலிக்குப் பெரிய சைஸ் மருந்தில்லை, வேறு வடிவம் தேட வேண்டும். ஒரே மீடியத்தில் ஒரு கம்பெனி உருண்டைத் தலைக்குச் செய்திருக்கும், இன்னொன்று நீள்வட்டத் தலைக்கு. நெற்றியிலும் பின்னாலும் நெருக்கி, பக்கவாட்டில் காற்றாடினால் உங்கள் தலை நீளம். நெற்றிப்பொட்டுகள் இரண்டும் நெருக்கினால் உருண்டை. அப்புறம் அந்தப் பின் தொட்டிலைப் பல ஹெல்மெட்களில் மேலும் கீழும் இரண்டு மூன்று நிலைகளில் மாற்றி வைக்கலாம். ஒரு படி இறக்கினாலே அது தழும்புக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும். என் ஏழு தையலுக்கும் கடைசியில் அந்த ஒரு படிதான் தேவைப்பட்டது. அன்று எனக்கோ கடைக்காரருக்கோ அது தோன்றவில்லை. புண் ஆறாமல் எந்த நிலையிலும் வலிக்கிறது என்றால் இன்னும் சில வாரம் பொறுங்கள்.

அளவு எடுப்பது எளிது. தையற்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப்பைப் புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே வைத்து, காதுக்கு மேலாகப் பின்மண்டையின் புடைத்த இடத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். 57 என்று வந்தால் பெரும்பாலும் மீடியம், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆஸ்பத்திரியில் மழித்த தலையோடு அளவெடுக்காதீர்கள், முடி வளர்ந்ததும் மாறிவிடும்.

போட்டுப் பார்க்கும்போது முதலில் ஸ்ட்ராப்பை மாட்டாமல் டயலை மட்டும் இறுக்கி, குனிந்து தலையை ஆட்டுங்கள். விழக் கூடாது. ஹெல்மெட்டைப் பிடித்து அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். முன்விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் இருக்கட்டும். ஸ்ட்ராப்பின் இரண்டு கால்களும் காதுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும். ஸ்ட்ராப்பைக் கட்டியபின் தாடைக்கடியில் ஒரு விரல் நுழைந்தால் சரி. பெரிதாகக் கொட்டாவி விட்டால் ஹெல்மெட் தலையை அழுத்துவது தெரிய வேண்டும். பிறகு கடையிலேயே கால் மணி நேரம் போட்டுக்கொண்டு உட்காருங்கள். கழற்றியதும் நெற்றியில் ஓர் இடத்தில் மட்டும் ஆழமாகச் சிவந்திருந்தால் அந்த வடிவம் உங்களுக்கு ஒத்துவராது. நம் ஊரில் இத்தனை மாடல் போட்டுப் பார்க்கக் கிடைக்காது என்பது உண்மை. மதுரைக்கோ திருச்சிக்கோ ஒரு நாள் பஸ் ஏறிப் போய் வாருங்கள். ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்கும் பொருள் இல்லை இது.

தெர்மாகோலைச் செதுக்குவது

மூன்றாவது ஆள் செய்த காரியம் இது. தழும்பு படும் இடத்தில் பிளேடால் தெர்மாகோலைக் குடைந்திருந்தார். ஹெல்மெட்டை வாங்கி உள்ளே பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் பட்டைகளை நகர்த்தலாம், அதே கம்பெனியின் வேறு தடிமன் பட்டை மாற்றலாம். அவை சொகுசுக்கு. தெர்மாகோலில் நகம்கூடப் படக் கூடாது. அடிபட்ட அதே இடத்தில்தான் இப்போது பாதுகாப்பு குறைவு.

பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வருவது

"அது இன்னும் கெட்டியானதுதானே" என்று கேட்பார்கள். ஐஎஸ்ஐ முத்திரையோடு வரும் ஐஎஸ் 4151 மோட்டார் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதிய தரம். அந்த ஹெல்மெட் ஒரு கிலோவைத் தொடும், காற்று போகாது. சைக்கிள் ஹெல்மெட் 250 முதல் 350 கிராம். கழுத்திலோ தோளிலோ அடிபட்டு வந்தவர் குனிந்த நிலையில் ஒரு மணி நேரம் அந்த எடையைச் சுமந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் பாதி வழியில் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிடுவார்.

சைக்கிள் ஹெல்மெட்டில் பார்க்க வேண்டியது ஐரோப்பாவின் ஈஎன் 1078 அல்லது அமெரிக்காவின் சிபிஎஸ்சி முத்திரை. உள்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். முதலாவதில் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்தும், இரண்டாவதில் சுமார் 2 மீட்டரிலிருந்தும் தட்டையான இரும்புத் தளத்தின்மேல் போட்டுச் சோதிக்கிறார்கள். சைக்கிளிலிருந்து தலை தரைக்கு வரும் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். லாரி மோதுவதற்கான சோதனை இல்லை இது. அதைத் தெரிந்துகொண்டே திருச்சி – ராமேஸ்வரம் நெடுஞ்சாலைப் பக்கம் போங்கள்.

மிப்ஸ் இருந்தால் போதும் என்று நினைப்பது

சில ஹெல்மெட்களின் உள்ளே மிப்ஸ் என்ற மெல்லிய தகடு ஒன்று இருக்கும், பெரும்பாலும் மஞ்சள் நிறம், ஸ்வீடன்காரர்கள் கொண்டுவந்தது. சாய்வாக மோதும்போது ஹெல்மெட் தலைமேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் வழுகி, மூளை சுழலும் வேகத்தைக் குறைப்பதற்காக வைத்தது. மூளையதிர்ச்சி ஏற்கெனவே வந்தவர் இதற்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம் என்பது என் கருத்து. ஆனால் சைஸ் தப்பாக இருந்தால் இதுவும் உதவாது.

ஒரு கையால் மாட்டிப் பார்க்காமல் வாங்குவது

காறை எலும்பு, மணிக்கட்டு முறிந்தவர்களுக்கு இது. டயல் பின்னந்தலையில் இருக்கிறது, கை அவ்வளவு தூரம் உயர வேண்டும். முதல் இரண்டு வாரம் என் வீட்டில்தான் எனக்கு மாட்டிவிட்டார்கள். வழியில் கழற்றிய பிறகு சரியாக மாட்ட முடியாமல் தளர்வாகவே ஓட்டி வந்தேன். காந்த பக்கிள் வைத்தவை ஒரு கையிலேயே மாட்டிக்கொள்ளும். கடையிலேயே நல்ல கையால் மட்டும் மாட்டிக் கழற்றிப் பாருங்கள்.

நிறம்

வெள்ளை அல்லது பளிச்சென்ற மஞ்சள். செம்மண் ஒட்டினால் சோப்புத் தண்ணீர் போதும்.

பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைப்பது

தெர்மாகோல் கரையும்.

பழைய ஹெல்மெட்டையே போட்டுக்கொள்வது

விழுந்தபோது போட்டிருந்த ஹெல்மெட் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கலாம். மேல் ஓடு வளைந்து பழையபடி வந்துவிடும். உள்ளே நசுங்கிய தெர்மாகோல் திரும்ப உப்பாது. அடுத்த அடியில் நசுங்குவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. தலையில் பட்டிருந்தால் அந்த ஹெல்மெட்டின் வேலை முடிந்தது. அதைத் தெரிந்த பையனுக்குக் கொடுப்பதும் தவறுதான்.

தூக்கிப் போடும்போது ஸ்ட்ராப்பைக் கத்தரித்துவிட்டுப் போடுங்கள். என்னுடையதை அப்படியே குப்பைத் தொட்டியருகே வைத்தேன். மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் பால் கேனோடு சைக்கிளில் போனார். ஓடிப் போய் நிறுத்தி, விஷயத்தைச் சொல்லி, வேறு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துவிட்டு அதைத் திரும்ப வாங்கி வந்தேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பக்க ஸ்ட்ராப்பையும் அறுத்தேன்.