ஏஇஸட்ஓ நானோ துகள்: உலர்த்தாமல் பூசினால்தான் படலம்

செல்போன் திரையில் மின்சாரம் கடத்தும் கண்ணாடிப் பூச்சு ஐடிஓ, அதாவது இண்டியம் டின் ஆக்ஸைடு. அதிலிருக்கும் இண்டியம் வாங்கிக் கட்டுப்படியாகாது. எங்களுக்கு ஏழைக்கேற்ற எள்ளுருண்டை ஏஇஸட்ஓ, அதாவது துளி அலுமினியம் சேர்த்த துத்தநாக ஆக்ஸைடு. அதை நானோ துகளாகச் செய்து கண்ணாடியில் பூசும் முறை இது.

ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட் 2.95 கிராம், அலுமினியம் நைட்ரேட் நோனாஹைட்ரேட் 0.10 கிராம். இரண்டையும் 125 மில்லி மெத்தனாலில் கரையுங்கள். அணு எண்ணிக்கையில் துத்தநாகத்துக்கு 2 சதவீத அலுமினியம் என்பது இந்தக் கணக்கு. கூடப் போட்டால் கடத்தல் கூடாது, குறையும். நைட்ரேட் காற்றில் ஈரம் குடிக்கும். பாட்டிலைத் திறந்ததும் எடை போட்டுவிடுங்கள்.

கரைசலை 60 டிகிரியில் வையுங்கள். மெத்தனால் 65-க்குக் கிட்டத்தில் கொதிப்பதால் மேலே ஆவியைக் குளிர்வித்துத் திருப்பும் கண்டென்சர் வேண்டும், வேலை முழுக்க ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹுட்டுக்குள். இன்னொரு பீக்கரில் 1.48 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடை 65 மில்லி மெத்தனாலில் கரைத்து, சொட்டுச் சொட்டாகக் கால் மணி நேரத்தில் விடுங்கள். கணக்குக்கு 1.29 கிராம் போதும்தான். ஆனால் கடையில் வரும் வில்லையில் எட்டில் ஒரு பங்கு போலத் தண்ணீர்.

இனிமேல்தான் வேடிக்கை. முதலில் வெள்ளையாகத் திரளும், பிறகு தெளியும். தெளிந்ததைப் பார்த்து "கெட்டுவிட்டது" என்று கொட்டிவிடாதீர்கள், என் ஜூனியர் ஒருவர் கொட்டினார். கிளறிக்கொண்டே இருங்கள். ஒன்றரை மணி நேரம் போல ஆனதும் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கும். இருட்டில் யூவி டார்ச் அடித்தால் மஞ்சள் பச்சையாக ஒளிரும். அதைப் பார்க்கத்தான் நான் இன்னும் இந்த வேலையை நானே செய்கிறேன். மொத்தம் இரண்டரை மணி நேரம்.

ஆறவிட்டால் துகள் அடியில் படியும். மேலே நிற்கும் திரவத்தை இறுத்து, புதிய மெத்தனாலில் இரண்டே முறை கழுவுங்கள். துகளைச் சுற்றியிருக்கும் அசிடேட்தான் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. மூன்று, நான்கு முறை கழுவினால் அதுவும் போய்விடும்.

உலர்த்தவே உலர்த்தாதீர்கள். முதல் முறை நான் ஓவனில் 100 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் கோலமாவு. கல்வத்தில் அரைத்து, இரண்டு மணி நேரம் சோனிகேட்டரில் (ஒலி அலையால் குலுக்கும் கருவி) போட்டும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளே விழுந்தன. ஈரக் களிம்பை அப்படியே 14 பங்கு பியூட்டனால், ஒரு பங்கு மெத்தனால், ஒரு பங்கு குளோரோஃபார்ம் கலவையில் போட்டுக் குலுக்குங்கள். 0.45 மைக்ரான் வடிகட்டியில் இறக்கினால் கண்ணுக்குத் தெளிவான திரவம். மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று தெரிய, அதில் ஒரு மில்லியை மட்டும் வாட்ச் கிளாஸில் உலர்த்தி எடை பாருங்கள். 20 இருந்தால் நல்லது.

அசிட்டோன், ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) இரண்டிலும் கழுவிய கண்ணாடியில் திரவத்தை விட்டு, ஸ்பின் கோட்டரில் நிமிடத்துக்கு 2000 சுற்று, 30 நொடி. ஒவ்வொரு பூச்சுக்கும் 150 டிகிரி ஹாட் பிளேட்டில் ஐந்து நிமிடம். ஐந்து பூச்சு முடிந்ததும் ஃபர்னஸில் 400 டிகிரி, ஒரு மணி நேரம்.

உடனே ஃபோர் புரோப் (நான்கு ஊசி வைத்து மின்தடை அளக்கும் கருவி) வைத்தால் மனசு உடையும், மெகா ஓம் காட்டும். துகள் விளிம்புகளில் ஒட்டிய ஆக்ஸிஜன் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கிறது. 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில் இன்னொரு மணி நேரம் சுட்டால் மின்தடை இறங்கும். புரோபில் வரும் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து 4.53-ஆல் பெருக்குங்கள், படலத்தின் மின்தடை ஒரு சதுரத்துக்கு இத்தனை ஓம் என்று வரும்; துண்டு சின்னதென்றால் அந்த எண் செல்லாது. கடையில் வாங்கும் ஐடிஓ கண்ணாடியின் 10, 15 ஓம் இதில் வராது. கிலோ ஓம் கிட்டே வந்தாலே எங்கள் ஆய்வகத்தில் டீ என் செலவு.