பொரித்த அன்றே சேவலைக் கண்டுபிடிக்க: இறகு நிறக் கணக்கு

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தரைவீட்டில் சொந்தத் தேவைக்கு 10 வரை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பத்தில் நான்கு சேவலாகப் போய்விட்டால், விடியுமுன்னே கூவல் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அதனால்தான் நிறக் கணக்கைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். சரியான ஜோடியைச் சேர்த்தால் முட்டை பொரிந்த அன்றே எது சேவல் என்று தெரிந்துவிடும்.

முதலில், சாயம். கோழி இறகில் இருப்பவை இரண்டே சாயங்கள்: கறுப்பு, செம்மை. மற்ற நிறமெல்லாம் இவற்றைக் கூட்டியும் குறைத்தும் மறைத்தும் வருபவைதான். புலாவ் உபினில் திரியும் காட்டுக்கோழிச் சேவலைப் பாருங்கள், இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கும். (உங்கள் கோழிகளை அவற்றோடு கலக்க விடாதீர்கள். கலப்பால் அந்த இனமே கரைந்துகொண்டிருக்கிறது.)

அடுத்து, யாரிடமிருந்து யாருக்கு. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். சேவலா பெட்டையா என்று முடிவு செய்பவை இசட், டபிள்யூ என்ற இரண்டு குரோமோசோம்கள், அதாவது மரபணுக்களைச் சுமக்கும் இழைகள். சேவலுக்கு இரண்டு இசட். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாய் தன் ஒரே இசட்டை மகனுக்குத்தான் தருவாள். மகளுக்குப் போவது டபிள்யூ. மகளின் இசட் தகப்பனிடமிருந்து வருவது. இறகில் வெள்ளை வரி போடும் மரபணு இந்த இசட்டில்தான் இருக்கிறது.

இனி ஜோடி சேர்க்கலாம். சேவல் ரோட் ஐலண்ட் ரெட் என்ற சிவப்பு இனம், பெட்டை வரி போட்ட பிளைமவுத் ராக் இனம். தாயின் வரி மகன்களுக்கு மட்டும் போகும். பொரிந்ததும் எல்லாக் குஞ்சும் கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் உச்சந்தலையில் வெள்ளைப் புள்ளி இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை. வளர்ந்தபின் சேவலுக்கு வரி விழும். பெட்டை கறுப்பாகவே நிற்கும், கழுத்தில் கொஞ்சம் செம்மை வரலாம்.

ஜோடியைத் திருப்பிப் போடாதீர்கள். தூய வரிச்சேவலோடு சிவப்புப் பெட்டையைச் சேர்த்தால் மகன், மகள் இருவருக்கும் வரி வந்துவிடும், கண்டுபிடிக்க வழியிருக்காது.

சாம்பல் நிறம் வேண்டுமென்றால் கணக்கே வேறு. கறுப்பை வெளுக்கவைக்கும் மரபணு ஒன்று வந்தால் சாம்பல், இரண்டு வந்தால் வெள்ளையில் சாம்பல் திட்டு. ஆகவே சாம்பலோடு சாம்பலைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று கறுப்பு, இரண்டு சாம்பல், ஒன்று திட்டு. என் முதல் அடையில் கறுப்புக் குஞ்சு வந்ததும், ஜோடி கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார் என்று வருந்தினேன். அவர் மேல் தப்பே இல்லை. எல்லாமே சாம்பலாக வேண்டுமா? கறுப்பையும் திட்டுக்கோழியையும் சேருங்கள்.

வெள்ளைக் கோழியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். வெள்ளை லெகார்னில் ஒரு மரபணுவே கறுப்பை மூடிவிடும். வெள்ளை சில்க்கியில் இரண்டு சேர்ந்தால்தான் வெளுக்கும். அடியில் என்ன நிறம் ஒளிந்திருக்கிறது என்பது குஞ்சு வரும்வரை தெரியாது.

அப்புறம், அடை வைத்த தேதியோடு தாய், தகப்பன் நிறத்தையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். 21ஆம் நாள் குஞ்சுகள் ஈரம் காய்ந்து பஞ்சுபோல ஆனதும் தலையைப் பார்த்து, சேவல்களின் காலில் வளையம் மாட்டுங்கள். தள்ளிப்போட்டால் இறகு முளைத்து அந்தப் புள்ளி மறைந்துவிடும்.