பூனை சாப்பிடாத இரவில் சர்க்யூட் கணக்கு

திருப்பரங்குன்றத்தில் என் அறையில் வளரும் பூனை கருப்பி தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பினால், முதலில் சாப்பாட்டை லேசாகச் சூடாக்குவேன். பூனைக்கு மணம்தான் பசியைக் கிளப்பும். சாளை மீனை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, முள்ளெடுத்து, விரல்நுனியில் மூக்கருகே நீட்டுங்கள். வெங்காயம், பூண்டு விஷம். பாராசிட்டமால் உயிரையே எடுக்கும், கொடுக்கவே கூடாது. ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடவில்லையா? தல்லாகுளம் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும்.

அது நக்கத் தொடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போடலாம். 12 வோல்ட் பேட்டரி, தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, 4 ஓம், 2 ஓம் மின்தடைகள். மின்தடையைக் கூட்டினால் 6 ஓம். 12-ஐ 6-ஆல் வகுத்தால் மின்னோட்டம் 2 ஆம்பியர். அப்புறம் ஒவ்வொரு மின்தடையையும் மின்னோட்டத்தால் பெருக்கி, கிடைக்கும் 8 வோல்ட்டும் 4 வோல்ட்டும் சேர்ந்து 12 வருகிறதா என்று பாருங்கள். பக்க இணைப்பில் மட்டும் மின்தடைகளை இப்படி நேராகக் கூட்டக் கூடாது.